சப்பாத்திக்கள்ளியும் சாயப்பூச்சியும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். மாணவர்கள் கேட்ட வினாக்களுள் எனக்கு விடை தெரியாமற்போனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். அவற்றுள் ஒன்றை இன்று உங்கள்முன் எடுத்து வைக்கிறேன்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் வறண்ட நிலத் தாவரங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சப்பாத்திக்கள்ளியின் மட்டை ஒன்றை இடுக்கியாற் பிடித்துக் காட்டி, "நீங்கள் இலை என்று எண்ணுவது தண்டு, இலைகள் முட்களாகிவிட்டன. இது நீரைச் சேமித்து வைக்கும், மழையின்றியும் வாழும், ஆடுமாடுகள் அஞ்சி விலகும், ஒரு மட்டை முறிந்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே வேர்விட்டு முளைக்கும்" என்று அதன் பெருமைகளை அடுக்கினேன். கடைசி வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படியானால், ஐயா, நாடு முழுவதும் ஏன் கள்ளியாகவே இல்லை?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நானும் உடன் சிரித்துவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றுவிட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அன்று நான் சிரித்திருக்கக் கூடாது. அவன் கேட்டது, சூழலியல் என்னும் விஞ்ஞானத்தின் வாயிற்படியில் நின்று கேட்க வேண்டிய முதல் வினா. அதற்குரிய விடை நம் சென்னைப் பகுதியின் வரலாற்றிலேயே கிடக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

முதலில் ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். கள்ளி என்றதும் பழந்தமிழ் நூல்களில் வரும் பாலை நிலத்துக் கள்ளி நம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கள்ளி வேறு, சப்பாத்திக்கள்ளி வேறு. சதுரக்கள்ளியையோ திருகுக்கள்ளியையோ ஒடித்துப் பாருங்கள். வெண்மையான பால் வடியும். அவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்த நம் நாட்டுச் செடிகள். சப்பாத்திக்கள்ளியை ஒடித்தால் பால் வருவதில்லை. நாகதாளி என்று நம் முன்னோர் பெயரிட்டு வழங்கிய அச்செடி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் அங்குச் சென்று சேர்வதற்கு முன், அதைப் பார்த்த தமிழர் ஒருவரும் இரார். உறவே இல்லாத இரு குலத்துச் செடிகள், வறட்சி என்னும் ஒரே ஆசானிடம் பயின்றமையால் ஒரே தோற்றம் பெற்றன. இவ்விரண்டையும் ஒன்றென்றே நான் பல ஆண்டுகள் கற்பித்து வந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்கச் செடி இந்நாட்டுக்கு வந்ததற்குக் காரணங்கள் பல. வேலிக்காகவும், அழகுக்காகவும், பழத்துக்காகவும் கப்பற்காரர்கள் அதைத் துறைதோறும் கொண்டு சென்றனர். ஆனால் நம் கதைக்கு முக்கியமான காரணம் சாயம்.

மெக்ஸிகோ நாட்டில் இக்கள்ளியின்மேல் கொச்சினீல் என்னும் ஒரு சிறு பூச்சி வாழ்கிறது. செம்பருத்திச் செடியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதுபோன்ற தோற்றம். நம் அரக்குப் பூச்சிக்கும் தூரத்து உறவு. பெண் பூச்சிக்குச் சிறகில்லை. மட்டையில் வாயை ஊன்றி, வெண்பஞ்சு போன்ற மெழுகுப் பொடியைப் போர்த்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் சாற்றை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே கிடக்கும். அதை நசுக்கினால் இரத்தம்போற் சிவந்த சாறு வரும். அச்சாறே சாயம். ஒரு இராத்தல் சாயச் சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் தேவை என்பர். பதினாறாம் நூற்றாண்டில் மெக்ஸிகோவைக் கைப்பற்றிய ஸ்பெயின் நாட்டார் இதன் விலைமதிப்பை உணர்ந்து, உயிருள்ள பூச்சி நாட்டைவிட்டு வெளியே போகாதபடி காவல் காத்தனர். உலர்ந்த சரக்கை மட்டும் கண்ட ஐரோப்பியர், அது விதையா பூச்சியா என்று நெடுங்காலம் வாதிட்டுக்கொண்டிருந்தனர். அரசர்களின் அங்கிகளும், ஆங்கிலப் படைத்தலைவர்களின் சிவப்புச் சட்டைகளும் இப்பூச்சியின் நிறம் பெற்றவையே.

இந்தச் செல்வத்தின்மேல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கண் விழுந்தது. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர், 1786-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்த தாவர அறிஞர் ஸர் ஜோஸப் பாங்க்ஸுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். சென்னையருகே ஒரு புல்லின்மேல் கொச்சினீல் போன்ற பூச்சியைக் கண்டதாக அவர் எழுதினார். அது சாயத்துக்கு உதவவில்லை. ஆயினும் மனிதர் சோர்ந்தாரல்லர். பூச்சி கிடைக்கும்போது அதற்கு உணவு ஆயத்தமாக இருக்கவேண்டுமென்று, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தார். இன்று இடைவிடாது வண்டிகள் ஓடும் சைதாப்பேட்டையில், கம்பெனியார் செலவில் வரிசை வரிசையாகக் கள்ளி நட்டு நீர் பாய்ச்சினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்! விருந்துக்கு இலை போட்டாயிற்று. விருந்தாளி மட்டும் வரவில்லை.

1795-ஆம் ஆண்டில் விருந்தாளி வந்தது. ஆனால் அழைத்த விருந்தாளி அன்று. நீல்ஸன் என்னும் படைத்தலைவர், பிரேஸிலில் ரியோ டி ஜெனிரோ துறையில் தங்கிய கப்பலிலிருந்து சில பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்குத் தாவரத் தோட்டத்தை நடத்திய டாக்டர் ராக்ஸ்பர்க் அவற்றை வளர்த்தார். வங்காளத்தில் முன்னமே காடாய்ப் பரவியிருந்த ஒருவகைக் கள்ளியின்மேல் அவை பல்கிப் பெருகின. அப்பூச்சிகள் சென்னைக்கும் வந்தன. கம்பெனியார் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அது மெக்ஸிகோவின் உயர்ந்த கொச்சினீல் அன்று. அதன் காட்டு உறவினம். சாயம் குறைவு, விலையும் குறைவு. கணக்குப் பார்த்தபோது நட்டமே மிஞ்சியது. முயற்சி கைவிடப்பட்டது.

வணிகர் தோற்றுப்போன இந்த இடத்திலேதான் விஞ்ஞானத்துக்கு ஒரு செய்தி கிடைத்தது. கைவிடப்பட்ட பூச்சி சும்மா இருக்கவில்லை. தான் விரும்பிய ஒருவகைக் கள்ளியை மட்டும் தேடித் தேடி உறிஞ்சியது. எங்கும் வேலியாய் நின்ற அந்தக் கள்ளி வடநாட்டிலும் நடுநாட்டிலும் வாடி அழிந்தது. இதைக் கண்ணுற்றோர், 1836-க்கும் 1838-க்கும் இடையில், இம்முறை சாயத்துக்காக அன்று, கள்ளியை ஒழிப்பதற்காகவே அப்பூச்சியைத் தென்னாட்டுக்குக் கொண்டு வந்தனர். இங்கும் அது தன் வேலையைச் செவ்வனே செய்தது. களைச்செடி ஒன்றை அழிக்க மனிதன் வேண்டுமென்றே ஒரு பூச்சியை ஏவி வெற்றி கண்டது உலகிலேயே இதுதான் முதன்முறை என்று இத்துறை அறிஞர் எழுதுகின்றனர். சுமார் 1865-இல் அது இலங்கைக்கும் அனுப்பப்பட்டது. பிற்காலத்தில் விஞ்ஞானிகள் அதற்கு இட்ட லத்தீன் பெயரில் இலங்கையின் பெயரே ஒட்டிக்கொண்டது. தென் அமெரிக்காவில் பிறந்து, வங்கத்தில் வளர்ந்து, தமிழ்நாட்டில் பணியாற்றிய பூச்சிக்கு இலங்கைப் பூச்சி என்று பெயர்! பெயரைக் கொண்டு பிறப்பிடம் சொல்லப் புகுவோர் இதை நினைவிற் கொள்ளலாம்.

இப்போது என் மாணவனுக்குப் பாதி விடை சொல்லிவிடலாம். ஓர் உயிரினத்தின் தொகை அதன் வலிமையால் மட்டும் அமைவதன்று; அதை உண்பவை எவை, அவை எத்தனை என்பதாலும் அமைகிறது. அமெரிக்காவில் கள்ளியோடு கள்ளியை உண்ணும் பூச்சிகளும், பூச்சியை உண்ணும் வேறு பூச்சிகளும் சேர்ந்தே பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தன. கப்பலில் ஏறியது கள்ளி மட்டுமே. பகைவர் இல்லாத ஊரில் அது கட்டற்றுப் பெருகியது. கள்ளியின் இயல்பு மாறவில்லை. அதன் சுற்றம் மாறிற்று. 1866-ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஹெக்கல் என்னும் ஜெர்மானிய அறிஞர், வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து சூழலியலுக்குரிய பெயரை ஆக்கினார். ஒரு வீட்டில் யார் சமைக்கிறார், யார் உண்கிறார், மிச்சம் யாருக்குப் போகிறது என்று பார்ப்பது போலத்தான் இந்த விஞ்ஞானமும். ஹெக்கல் பெயர் சூட்டுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் பாடம் ஒன்று நம் ஊர் வேலிகளில் நடந்து முடிந்துவிட்டது.

ஆனால் விடை பாதிதான் என்றேன். ஏனெனில் அப்பூச்சி ஒருவகைக் கள்ளியைத்தான் தொட்டது. இன்னொரு வகை, நாம் இன்று பெரும்பாலும் காணும் மஞ்சட் பூவும் செங்கருநீலப் பழமும் உடைய வகை, அதற்கு ஏற்கவில்லை. அந்த வகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தென்னாட்டுப் புறம்போக்கு நிலங்களிலும் மேய்ச்சல் தரைகளிலும் அடர்ந்து படர்ந்தது. என் பாட்டனார் சிறுவராக இருந்த காலத்தில், எங்கள் ஊர்க்கோடியிலிருந்து கண்மாய்க்கரை வரையில் நாகதாளிப் புதர் மண்டிக் கிடந்ததாம். பாம்புக்கு அஞ்சி, அந்தி சாய்ந்தபின் ஒருவரும் அப்பக்கம் போவதில்லையாம். "வெள்ளைப் பூச்சி வந்தது, இரண்டு மூன்று கோடைக்குள் நாகதாளி அழுகி விழுந்தது" என்று அவர் சொல்வார். முதியவர்கள் எதையும் பெரிதுபடுத்திச் சொல்வது இயல்புதானே என்று எண்ணி, கேட்டும் கேளாதவன்போல் இருந்துவிட்டேன். அவர் சொன்னது வரலாறு. 1926-ஆம் ஆண்டில் கொச்சினீல் இனத்தைச் சேர்ந்த மற்றொரு பூச்சி இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது வட அமெரிக்காவில் தோன்றி, ஆஸ்திரேலியா வழியாக இலங்கை சேர்ந்தது. இந்தப் பூச்சிக்கு இரண்டாம் வகைக் கள்ளியே விருப்பமான உணவு. சில ஆண்டுகளில் பெருங்காடுகள் மறைந்தன. அந்தக் காலத்தைக் கண்ட சாட்சி ஒருவர் என் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருந்தார். நான் ஒரு கேள்வி கூடக் கேட்டு எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டு முதியவர்களிடம் அப்படி இருந்துவிடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததோடு ஒப்பிட்டால் நம் கதை சிறியது. அங்கு 1788-இல் முதன்முதற் சென்ற ஆங்கிலக் கப்பல்களே சாய ஆசையால் ரியோவிலிருந்து கள்ளியை ஏற்றிச் சென்றன. பின்னர் வேறு வகைகளும் வேலிச்செடியாகப் புகுந்தன. 1925-ஆம் ஆண்டளவில் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர் நிலத்தைக் கள்ளி விழுங்கியிருந்தது. இன்றைய தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 3 கோடியே 20 இலட்சம் ஏக்கர்; ஏறத்தாழ இரண்டு தமிழ்நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டினார்கள், கொளுத்தினார்கள், கொடிய பாஷாணத்தைத் தெளித்தார்கள். பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன என்று ஈமுப் பறவைகளையும் காகங்களையும் கொல்வோர்க்குப் பரிசும் கொடுத்தார்கள். குடியானவர்கள் வீடு வாசலைக் கைவிட்டு வெளியேறினர். கள்ளி மேலும் பரவியது.

இடையில், 1912 முதல் 1914 வரை, ஜான்ஸ்டன், டிரையன் என்னும் இரு அறிஞர்கள் கள்ளியின் பகைவரைத் தேடி உலகெங்கும் பயணம் செய்தனர். அவர்கள் வந்த நாடுகளுள் இந்தியாவும் இலங்கையும் அடங்கும். இங்குப் பணி முடித்திருந்த பழைய சாயப்பூச்சியை அவர்கள் கொண்டுபோக, ஆஸ்திரேலியாவிலும் ஒருவகைக் கள்ளி ஒடுங்கியது. பெருங்கூட்டமான மற்ற வகை அசையவில்லை. 1925-ஆம் ஆண்டில் ஆலன் டாட் என்னும் இளைஞர் அர்ஜென்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியின் முட்டைகளை அனுப்பினார். மொத்தம் சுமார் 2,750 முட்டைகள். அந்துவின் பெயர் காக்டோபிளாஸ்டிஸ். இதன் பெண் முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கள்ளிமுள் போலவே ஒரு குச்சியாக்கி வைக்கும். பொரித்த புழுக்கள் கூட்டமாக மட்டையைத் துளைத்துப் புகுந்து, உள்ளே குடைந்து, நீராக்கி அழுகச் செய்யும். பயிர்களைத் தின்னுமோ என்று அஞ்சி, பலவகைச் செடிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். கள்ளி கிடைக்காவிடில் அவை பட்டினி கிடந்து மடிந்தனவேயன்றிப் பிறவற்றைத் தின்று வாழவில்லை. 1926-இல் வெளியே விட்டார்கள். 1933-க்குள் பெருங்காடுகள் சரிந்துவிட்டன. குவீன்ஸ்லாந்தில் பூனார்கா என்னும் ஊர் மக்கள் 1936-இல் தம் ஊர் மண்டபத்துக்கு அந்த அந்துவின் பெயரையே சூட்டினர். அரசர்க்கும் தளபதிகட்கும் நினைவு மண்டபம் கேள்விப்பட்டிருக்கிறோம், புழுவுக்கும் உண்டு.

இந்த வெற்றியின் நடுவே நிகழ்ந்த ஒன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் முறை காடு சரிந்ததும், புழுவுக்கு உணவு இல்லாமற்போயிற்று. கோடிக்கணக்கில் புழுக்கள் மடிந்தன. உடனே கள்ளி மீண்டும் துளிர்த்தது. மக்கள் திகைத்தனர். துளிர்த்த கள்ளியில் எஞ்சிய அந்துக்கள் பெருகி, மீண்டும் அதை வீழ்த்தின. அதன்பின் கள்ளியும் கொஞ்சம், அந்தும் கொஞ்சம் என்று இரண்டும் குறைந்த தொகையில் நிலைத்தன. ஒன்று மற்றொன்றை அடியோடு அழிக்கவில்லை. இயற்கைச் சமநிலை என்று நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு தராசைப் படமாக வரைவேன். இரு தட்டும் நேராக அசையாமல் நிற்கும். அந்தப் படம் தவறு. ஏறுவதும் இறங்குவதும், ஒன்றன் ஏற்றம் மற்றதன் இறக்கத்துக்கு வித்திடுவதுமே இங்கு நடப்பது. தராசைவிட ஊஞ்சல் பொருத்தமான உவமை. வியப்பு என்னவெனில், அந்த முட்டைகள் கப்பலேறிய அதே காலத்தில், 1925-இல் அமெரிக்காவில் லோட்காவும் 1926-இல் இத்தாலியில் வோல்ட்டெராவும், உண்பதும் உண்ணப்படுவதுமான இரு உயிர்த்தொகைகள் இவ்வாறு மாறி மாறி ஏறி இறங்கும் என்பதைத் தனித்தனியே கணிதச் சமன்பாடாக எழுதினர். வோல்ட்டெரா எடுத்துக்கொண்டது கடல் மீன்களின் கணக்கு. கள்ளியை அவர் நினைக்கவில்லை.

என் மாணவனுக்குரிய மறுபாதி விடை இதுதான். நாடு முழுவதும் கள்ளியாக இல்லாமைக்கு ஒரு காரணம் வெண்பஞ்சு போர்த்த ஒரு சிறு பூச்சி. ஓரிரு புதர்கள் எஞ்சி நிற்பதற்குக் காரணமும் அதுவே. கள்ளி அரிதானால் பூச்சியும் அரிதாகிவிடுகிறது.

பகைவனைக் கொணர்ந்தால் எல்லாக் களையும் ஒழியும் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. அதே குவீன்ஸ்லாந்தில், 1935-ஆம் ஆண்டில், கரும்பை அழிக்கும் வண்டுகளை ஒழிக்க ஹவாயிலிருந்து ஒரு பெருந்தேரையைக் கொண்டுவந்தனர். அந்து கள்ளி ஒன்றையே தின்னும். தேரையோ வாயில் அகப்படும் எதையும் தின்னும். வண்டு ஒழியவில்லை, நச்சுத் தேரை நாடெங்கும் பரவி, அதைக் கடித்த பிராணிகளையும் கொன்றது. கள்ளிப் புழுவைச் சோதித்ததுபோல் தேரையைச் சோதித்திருந்தால், அதன் பெட்டியையே திறந்திருக்க மாட்டார்கள்.

நல்ல பெயரெடுத்த அந்தின் கதையும் முடிந்துவிடவில்லை. 1957-இல் அதை மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான நெவிஸுக்குக் கொண்டு சென்று விட்டார்கள். தீவு தீவாகத் தாவி, 1989-இல் அது அமெரிக்காவின் ப்ளோரிடா மாநிலத்திற் காணப்பட்டது. அங்குக் கள்ளி அந்நியக் களையன்று, மண்ணுக்குரிய செடி. மிக அரிய கள்ளி இனங்களும் அங்கு உள்ளன. அதற்கப்பால் மெக்ஸிகோ. அந்நாட்டுக் கொடியில் கழுகு அமர்ந்திருப்பது இந்தக் கள்ளியின்மேல்தான். அங்கே கள்ளி மட்டையைக் கறி சமைத்து உண்பர். பழத்தைச் சந்தையில் விற்பர். 2006-இல் மெக்ஸிகோவின் தீவொன்றில் அந்து தென்பட்டதும் அரசினர் விரைந்து புதர்களை அகற்றி, பொறிகளை வைத்து, 2009-இல் ஒழித்துவிட்டதாக அறிவித்தனர். ஓரூரில் மண்டபம் பெற்ற பூச்சிக்கு வேறோர் ஊரில் பொறி வைக்கிறார்கள். இரண்டு ஊராரும் செய்தது சரியே.

சார்ல்ஸ் எல்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர், அந்நிய உயிர்கள் புதிய நாடுகளிற் புகுந்து பரவுவதைப் பற்றி 1958-இல் ஒரு நூல் வெளியிட்டார். இத்துறையில் இன்றளவும் எடுத்துக்காட்டப்படும் நூல் அது. அதற்கு முந்திய ஆண்டில் அவர் நிகழ்த்திய வானொலிப் பேச்சுகளே அந்த நூலுக்கு அடிப்படை. என் பேச்சு அத்தகைய நூலாகப் போவதில்லை. ஆனால் நீங்கள் ஒரு குறிப்பேடாவது எழுதலாம்.

உங்கள் ஊரில் இருப்புப்பாதை ஓரத்திலோ, பழைய தோட்டத்து வேலியிலோ ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதரைக் கண்டுபிடியுங்கள். அதில் எத்தனை மட்டைகள், அவற்றுள் வெண்பஞ்சு படிந்தவை எத்தனை என்று எண்ணி, நாளிட்டு எழுதுங்கள். திங்களுக்கு ஒருமுறை, ஓராண்டு முழுவதும் செய்யுங்கள். கனத்த மழைக்குப்பின் பஞ்சு குறைகிறதா, கோடையிற் கூடுகிறதா என்று கவனியுங்கள். ஒரு குச்சியால் அந்தப் பஞ்சை அழுத்தித் தேய்த்தால் டாக்டர் ஆண்டர்சனின் உறக்கத்தைக் கெடுத்த சிவப்பு நிறத்தையும் காணலாம். கையால் மட்டும் தொட வேண்டா. பெரிய முள்ளைவிட மட்டையிலுள்ள சுணை பொல்லாதது. விரலில் ஏறினால் இரண்டு நாளைக்குப் பேனா பிடிக்க முடியாது.